வசந்தா மேடம் மவுஸைத் தொட மாட்டார்

போன மாதம் என் வீட்டில் இன்டர்நெட் நின்றுவிட்டது. புகார் சொன்ன மறுநாள் காலையில் ஒரு தம்பி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்து, சுவரில் மாட்டியிருந்த பெட்டியின் முதுகைத் தடவிப் பார்த்து, அதிலிருந்த சின்ன ஓட்டைக்குள் ஓர் ஊசியை விட்டு அமுக்கினார். விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன.

"ரீசெட் போட்டாச்சு சார். இனி வந்துரும்."

வந்தது. என்ன கோளாறு என்று கேட்டேன். "அது தெரியாது சார். ரீசெட் போட்டா எல்லாம் போயிரும்லா" என்றார். உண்மைதான், எல்லாம் போயிருந்தது. பழைய பாஸ்வேர்டு போயிருந்தது. டிவிக்கும் வீட்டிலுள்ள அத்தனை போனுக்கும் புதிதாக அடித்துக் கொடுப்பதற்குள் எனக்கு மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனது. தம்பியைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு அத்தனை வீடு ஏறி இறங்குகிறவருக்கு அந்த ஊசி பெரிய உதவி. சாயா குடித்துவிட்டுப் போகச் சொன்னபோது அவரே பேச்சை எடுத்தார்.

"நீங்க டெலிபோன்ல இருந்து ரிட்டயர் ஆனவுகன்னு சொன்னாவ. உங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் பாப்பீங்க?"

நான் எங்கள் வசந்தா மேடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவருக்கு அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. அவர் கேட்காமல் போன மிச்சமும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பசுவந்தனைப் பக்கம். கோவில்பட்டி எக்ஸ்சேஞ்சில் லைன்மேனாகச் சேர்ந்து, பிறகு டெலிபோன் மெக்கானிக் ஆனேன். கம்பம் ஏறக் கற்றுக்கொண்டது, கேபிளுக்குள் கிடக்கும் ஜோடி ஜோடியான கம்பிகளின் நிறங்களை மனப்பாடம் செய்தது, பயிற்சி மையத்தில் உப்பில்லாத சாம்பார் சாப்பிட்டது எல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான். எங்கள் கரிசல் மண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கோடையில் அது கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிக்கும்போது பூமிக்குள் கிடக்கும் கேபிளை இழுத்து, ஒட்டுப் போட்ட இடத்தைப் பிரித்துவிடும். முதல் மழையில் உப்பி, பிரிந்த இடத்துக்குள் தண்ணீரை ஏற்றும். பிறகு ஊரில் பாதிப் பேருக்குப் போனில் பொரி பொரிக்கிற சத்தம்தான் கேட்கும். அதனால் எந்தப் புகார் வந்தாலும் நாங்கள் முதலில் மண்ணைத்தான் சந்தேகப்படுவோம். முக்கால்வாசி நேரம் அதுதான் குற்றவாளியாகவும் இருக்கும். மீதிக் கால்வாசியை எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்குத் தெரியாது. அதற்கு வசந்தா மேடம் வர வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பிராட்பேண்ட் எங்கள் ஊர் வீடுகளுக்குள் வர ஆரம்பித்த சமயத்தில், அவர் எங்கள் பிரிவுக்கு அதிகாரியாக வந்தார். எட்டயபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட நூல் புடவை, தோளில் ஒரு ரெக்ஸின் பை. அதற்கு முன் இருந்த அதிகாரிகளில் சிலருக்கு எங்கள் எக்ஸ்சேஞ்சின் பின்வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இவர் வந்த அந்த வாரமே மழை பெய்து, ஓட்டப்பிடாரம் போகிற பாதையில் ஒரு கேபிள் செத்தது. கூடவே வந்தார். கரிசல் சகதி செருப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு குழிவரைக்கும் நடந்து வந்து, "எங்க பிரிஞ்சிருக்கு, காட்டுங்க" என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதை விட ஆச்சரியம், வாடிக்கையாளர் வீட்டில் அவர் நடந்துகொள்ளும் விதம். போனதும் கம்ப்யூட்டர் பக்கம் போக மாட்டார். உட்காருவார். ஒரு செம்புத் தண்ணீர் கேட்பார். அதை முழுக்கக் குடித்து முடிப்பார். வீட்டுக்காரர்களின் படபடப்பு அதற்குள் பாதி அடங்கிவிடும். பிறகு இரண்டு கேள்வி கேட்பார்.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் வீட்டுல என்னெல்லாம் நடந்துச்சு?"

கம்ப்யூட்டருக்கு என்ன நடந்தது என்று கேட்க மாட்டார். வீட்டில் என்ன நடந்தது என்றுதான் கேட்பார். வெள்ளையடித்தீர்களா, விருந்தாள் வந்தார்களா, கட்டிலை நகர்த்தினீர்களா என்று சாவகாசமாக விசாரிப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் சுவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போனில் டோன் வருகிறதா, மோடத்தில் லைன் விளக்கு நடுங்காமல் எரிகிறதா, மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள வயர் சரியா, கம்ப்யூட்டருக்கு நெட் போய்ச் சேருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது நல்லாருக்கு மேடம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்த்துவிட்டு மனசுக்குள் வைத்துக்கொண்டால் போதாது. நல்லதை எல்லாம் ஒதுக்கியபிறகு, வீட்டில் அதை உபயோகிக்கிற ஆளை உட்காரச் சொல்வார்.

"நீங்க தினமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நான் பாக்குதேன்."

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிடுவார். மவுஸைத் தொடவே மாட்டார். எனக்குக் கை நமநமக்கும். ஒருநாள் ஜீப்பில் திரும்பி வரும்போது கேட்டே விட்டேன்.

"நான் தொட்டா நான் செய்யுத மாதிரி செஞ்சிருவேன் மாடசாமி. கோளாறு எனக்கா வருது? அவியளுக்குல்லா வருது" என்றார்.

இதன் மதிப்பு எனக்குப் புரிந்தது ஒரு வக்கீல் வீட்டில். தினமும் சாயங்காலம் அவர் வீட்டில் நெட் செத்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானாக உயிர் வந்துவிடும். நான் மோடத்தை மாற்றினேன், வயரை மாற்றினேன், கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் புதுக் கம்பி இழுத்தேன். சாயங்காலமானால் அதே கதை. மேடம் ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்தார். வக்கீல் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். அவர் மனைவி விளக்கேற்ற வந்தார். வந்த கையோடு, பழக்கத்தில், மோடத்தின் பிளக்கை உருவிவிட்டு அந்த இடத்தில் சாமி மந்திரம் பாடுகிற பெட்டியைச் செருகினார். மந்திரம் பாட ஆரம்பித்ததும் நெட் போனது. வக்கீல் மனைவியைப் பார்த்தார், மனைவி மேடத்தைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். "ஒரு பிளக் பாயிண்ட் கூடுதலா வச்சுருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் எழுந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு இது ஒரு தப்பாகவே தோன்றாதபடி சொன்னார் பாருங்கள், அதுதான் மேடம்.

இங்கே அந்தக் காலத்து ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் அதற்கு ஒரே வைத்தியம், ஃபார்மட். அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் வழித்துத் துடைத்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து ஏற்றுவது. மெதுவாக ஓடினால் ஃபார்மட், பாட்டு கேட்காவிட்டால் ஃபார்மட், நெட் வராவிட்டால் நிச்சயம் ஃபார்மட். சாயாக்கடையில் கூட "உன் மண்டைய ஃபார்மட் போடணும்லே" என்று பேசிக்கொண்டார்கள். மேடத்துக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே முகம் சுண்டும்.

"ஃபார்மட் போட்டா சரியாயிரும், நான் இல்லங்கல. எதனால கெட்டுச்சுங்கிறது மட்டும் கடைசி வரைக்கும் தெரியாது. தெரியலைன்னா அது திரும்ப வரும்" என்பார்.

இப்போது தங்கராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு வருகிறேன். என் சர்வீஸில் நான் மறக்காத புகார் அதுதான்.

அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவருக்கு ஒரே மகள், செண்பகம். மதுரையில் கட்டிக்கொடுத்து, அது சரிப்பட்டு வராமல் திரும்பி வந்துவிட்ட பெண். வந்தவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, தீப்பெட்டியின் மேல் ஒட்டுகிற லேபிள்களுக்குப் படம் வரைய ஆரம்பித்தாள். கொக்கு, அன்னாசிப் பழம், தாவுகிற குதிரை என்று அத்தனை அழகாக இருக்கும். வரைந்ததை மெயிலில் சிவகாசி அச்சகங்களுக்கு அனுப்புவாள். அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும். "சொந்த ஆபீஸ்ல கணக்கு எழுத ஆளில்ல, இவ எவன் பெட்டிக்கோ படம் போடுதா" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார்.

அந்த வருஷம் ஆடி மாதம். காற்று புழுதியை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். அண்ணாச்சி வீட்டிலிருந்து நெட் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. நான் போய்ப் பார்த்தேன். லைன் சுத்தம். மோடம் சுத்தம். செய்தி வருகிற பக்கம் ஒன்றைத் திறந்தேன், படபடவென்று திறந்தது. செண்பகம் மெயில் பக்கத்தைத் திறந்து காட்டினாள், அது மட்டும் திறக்கவில்லை. எங்கள் பக்கம் கோளாறு இல்லை என்று எழுதிவிட்டு வந்தேன். மறுபடி புகார் வந்தது. மறுபடி போனேன். அதே நிலைமை. "கம்ப்யூட்டர்லதான் கோளாறு மேடம், நம்ம லைன் பொன்னு மாதிரி இருக்கு" என்றேன்.

"கோளாறு எங்க வேணும்னாலும் இருக்கட்டும். புகாரு நம்மகிட்டல்லா இருக்கு. வாங்க" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நாங்கள் போனபோது, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த ரமேஷ் ஏற்கெனவே அங்கே இருந்தார். கையில் விண்டோஸ் சிடி. செண்பகம் நாற்காலியை விட்டு எழுந்திரிக்காமல், மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், நீங்களே சொல்லுங்க. விண்டோஸ் கெட்டுப்போச்சு. ஃபார்மட் போட்டா மதியத்துக்குள்ள மெயில் போயிரும். போட விட மாட்டேங்காவ" என்றார் ரமேஷ்.

"நான் வரைஞ்சது எல்லாம் இதுக்குள்ளதான் மேடம் இருக்கு. பிளாப்பில அடங்காது. சிடி எழுதுத வசதி எங்கிட்ட இல்ல."

"காப்பி எடுத்துட்டுத்தான் போடுவேன். ஆனா டிஸ்க் பழசு. எல்லாம் முழுசா வரும்னு என்னால உத்தரவாதம் சொல்ல முடியாது. படம் போடுத அந்த சாஃப்ட்வேரு திரும்ப ஏறுமான்னும் தெரியாது." ரமேஷ் மறைக்காமல்தான் சொன்னார்.

மேடம் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அதிசயமாக, அண்ணாச்சியே உள்ளே போய்ச் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். மேடம் குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்தார்.

"கடைசியா எப்பம்மா மெயில் போச்சு?"

"போன வாரம் வரைக்கும் போச்சு மேடம். சிவகாசியில ஒரு பெரிய பிரஸ்ல இருந்து புது ஆர்டர் வந்துச்சு. ஒரு கம்பெனிக்கு இருக்குத அத்தனை லேபிளையும் நானே புதுசா போடணும். இவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு வந்ததே இல்ல. அந்த மெயில நல்லாத்தான் படிச்சேன். மறுநாள்ல இருந்து திறக்கல. மாதிரி இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அவியளுக்குப் போயிருக்கணும். இல்லன்னா வேற ஆளுகிட்ட குடுத்துருவாக."

"சரி. அந்த ஆர்டர் வந்ததுக்கப்புறம் வீட்டுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலயே" என்றார் அண்ணாச்சி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

செண்பகம் அப்பாவைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. அதுதான் மேடம் நடந்துச்சு. ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும்னாவ. பிரஸ்காரன் எனக்காக ஆவணி வரைக்கும் காத்திருப்பானா? நான் ஆரம்பிச்சிட்டேன். அன்னையில இருந்து அப்பா எங்கூட பேசல."

"ஏட்டி, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மேடம், நீங்க வயரப் பாருங்க" என்றார் அண்ணாச்சி.

நான் வயரைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக "நல்லாருக்கு மேடம், நல்லாருக்கு மேடம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். செய்திப் பக்கம் திறந்தது. அதுவும் நன்றாக இருந்தது. மேடம் எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு செண்பகத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"இப்ப நீ மெயில் பாக்கணும்னா என்ன செய்வியோ அதச் செய்யி."

செண்பகம் பெயரை அடித்தாள், பாஸ்வேர்டை அடித்தாள், கிளிக் செய்தாள். இன்னொரு கிளிக். 'பக்கத்தைக் காட்ட இயலாது' என்கிற அந்த வெள்ளைப் பக்கம் வந்து நின்றது.

"பாத்தீங்களா மேடம்" என்றார் ரமேஷ்.

"இன்னொரு தடவை. மெதுவா."

செண்பகம் மறுபடி செய்தாள். வெள்ளைப் பக்கம்.

"நடுவுல ஒரு பெட்டி வந்துச்சே, அது என்னது?"

"எது மேடம்?"

"ஒண்ணு வந்துச்சு. நீ அமுக்கி மூடிட்ட."

"ஓ, அதுவா. அந்தப் பெட்டி வந்தா நோ அமுக்கிருவேன் மேடம். இங்கிலீஷ்ல கேள்வி கேட்டு எந்தப் பெட்டி வந்தாலும் நோதான். ரமேஷ் அண்ணன் சொல்லிக் குடுத்தது."

"போன வருஷம் எல்லாத்துக்கும் எஸ் அமுக்கி வைரஸ ஏத்திட்டாவ மேடம், அதான் அப்படிச் சொல்லி வச்சேன்" என்றார் ரமேஷ்.

நான் இரண்டு தடவை வந்தும் அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை. செண்பகம் பழகிய கை வேகத்தில் மூடிவிட்டாள், நான் மோடத்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் மட்டும்தான் அவளுடைய விரலைப் பார்த்திருக்கிறார். அவரே மவுஸைப் பிடித்திருந்தால், பெட்டியை நிதானமாகப் படித்திருப்பார்தான். ஆனால் அந்த வீட்டில் கோளாறு இத்தனை நாள் எப்படி ஒளிந்திருந்தது என்பது தெரிந்திருக்காது.

"இந்த ஒரு தடவை அமுக்காத. வாசிச்சுச் சொல்லு" என்றார் மேடம்.

பெட்டி வந்தது. செண்பகம் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து, தமிழில் சொன்னாள். "இந்தப் பக்கத்தோட சான்றிதழ் ஒண்ணு காலாவதி ஆகியிருக்கணும், இல்லன்னா அதுக்குரிய தேதி இன்னும் வரலன்னு போட்டிருக்கு மேடம்."

மேடம் எங்கள் எல்லோருக்குமாக விளக்கினார். பாஸ்வேர்டு வாங்குகிற பக்கங்கள் எல்லாம் தான் இன்னார் என்று ஓர் அடையாள அட்டையைக் காட்டும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டர் அதைத் தன்னுடைய தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். செய்திப் பக்கத்துக்கு அந்த அட்டை தேவையில்லை, அதனால் அது திறந்துவிடுகிறது.

"இந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னைக்கு என்ன தேதி?"

எல்லோரும் திரையின் மூலையைப் பார்த்தோம். அங்கே மணி மட்டும்தான் தெரியும். மணி சரியாக இருந்தது. செண்பகம் அதன் மேல் இரண்டு தடவை தட்டினாள். மாதக் காலண்டர் விரிந்தது. ஜூன் மாதம் என்று காட்டியது. வருஷம், இரண்டு வருஷத்துக்கு முந்தியது.

ரமேஷ் நெற்றியில் அடித்துக்கொண்டார். செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி, சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடத்துக்கு இது போதவில்லை. "எப்ப இருந்து இப்படின்னு தெரிஞ்சுக்கிடணும்லா. உன் புது டிசைன் ஃபைல் பிறந்த தேதி என்னன்னு பாரு" என்றார். செண்பகம் ஃபைலின் மேல் மவுஸை வைத்துப் பார்த்தாள். அது பிறந்ததும் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூன். அதற்கு முன்னால் அவள் முடித்த கொக்கு லேபிளைப் பார்த்தாள். அதில் இந்த வருஷத்து ஜூலை, சரியான தேதி. ஆக, கொக்கு முடிந்து புது ஆர்டர் தொடங்குவதற்கு நடுவில் இருந்த நேரத்தில் தேதி மாறியிருக்கிறது.

யார் மாற்றியது என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"தேதி பின்னால போயிருக்கு, அவ்வளவுதான். இன்னைக்குத் தேதிய வச்சிரும்மா."

செண்பகம் வைத்தாள். மறுபடி பெயர், பாஸ்வேர்டு. பெட்டி வரவில்லை. மெயில் திறந்தது. அதில் சிவகாசியிலிருந்து வந்த கடிதங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் காத்துக்கொண்டிருந்தன. அவள் அழுதாள், அழுதுகொண்டே படங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தாள். "இது போயிருந்தா நான் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்க மாட்டேன் மேடம். ஆபீஸ்ல போயிக் கணக்கு எழுத உக்காந்திருப்பேன்" என்றாள். சிடியைப் பைக்குள் வைத்துக்கொண்டே ரமேஷ், "நான் இத யோசிக்கவே இல்ல மேடம்" என்றார். "நீங்க சொல்லிக் குடுத்ததுனாலதான் இந்த மிஷின் அதுக்கப்புறம் வைரஸ் இல்லாம இருக்கு" என்றார் மேடம். அவர் யாரையும் கையைப் பிசைய விட்டதில்லை.

வாசலுக்கு வந்தோம். மேடம் செருப்புப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். வாரை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். எனக்கு அது ஏன் என்று அப்போது விளங்கவில்லை. அண்ணாச்சி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்தத் தேதி தானா மாறல."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒரு தடவை பட்டுட்டா மேடம். எல்லாப் பொருத்தமும் பாத்துத்தான் கட்டிக் குடுத்தேன், அப்படி ஆயிருச்சு. இப்பத்தான் ஒரு பெரிய காரியம் அவளத் தேடி வருது, அதப் போயி ஆடியில தொடங்குதேங்கா. சொன்னா கேக்க மாட்டேங்கா. என்ன செய்ய? காலையில அவ அம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரம், காலண்டர்ல ஆனி மாசத்துல ஒரு நல்ல முகூர்த்த நாளாப் பாத்து, அந்தத் தேதிய அதுல வச்சுட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கரண்டு போயி வந்தா முன்னால இருந்த கணக்குப்பிள்ளை தேதி திருத்துவாரு, அதப் பாத்து வச்சிருந்தேன். அவளுக்கு அது ஆடியா இருந்தாலும் மிஷினுக்கு ஆனியா இருக்கட்டும்னு நெனச்சேன். வருஷம் எப்பிடி மேடம் மாறிச்சு? நான் மாசத்தத்தான் மாத்துனேன்."

"பக்கத்துல இருக்க அம்புக்குறியில கை பட்டிருக்கும்."

"மெயில் திறக்கலன்னதும் ஆடிதான் வேலையக் காட்டுதுன்னு நெனச்சேனே தவிர, என் வேலையா இருக்கும்னு தோணவே இல்ல." கொஞ்சம் தயங்கினார். அவர் கேட்க வந்தது வேறு என்பது முகத்தில் தெரிந்தது. "இப்பத் தேதிய முன்னால கொண்டாந்தாச்சே. அப்ப அவ காரியம் ஆடியில தொடங்குனதா ஆயிருமா?"

நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்து ஜீப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மேடம் சிரிக்கவில்லை. மோடத்து விளக்கைப் பற்றிக் கேட்டால் எப்படிச் சொல்வாரோ, அதே நிதானத்தில் பதில் சொன்னார்.

"ஆகாது அண்ணாச்சி. இன்னைக்குத் தேதிய மாத்துனா இனிமே வாரதுக்குத்தான் மாறும். அந்த ஃபைல் பிறந்த தேதி பிறந்ததுதான். அது ஆனியிலதான் பிறந்திருக்கு. நானே கண்ணால பாத்தேன்."

"ஆனா ரெண்டு வருஷம் முந்தின ஆனில்லா. நான் இந்த வருஷக் காலண்டர்ல பாத்த நாளு, அந்த வருஷத்துல அஷ்டமி நவமியா இருந்திருந்தா?"

"அந்த வருஷக் காலண்டரு யாரு வீட்டுல இருக்கு? எல்லாரும் கிழிச்சுப் போட்டாச்சு" என்றார் மேடம்.

அண்ணாச்சி முகம் அப்படியே இளகியது. துண்டைத் தோளில் உதறிப் போட்டுக்கொண்டார். மகளோடு பேசாமல் இருந்த மனுஷன், வாசலில் நின்றபடியே கதவைத் தள்ளி உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏட்டி செண்பகம், படமெல்லாம் போயிருச்சா?"

உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது. அதில் சிரிப்பு இருந்தது.

"அது அப்பவே போயிருச்சுப்பா. ஆனி மாசமே போயிருச்சு."